ஓரத்தில் அச்சடித்த 'நார்மல்': கர்ப்பகால பி.பி.யில் ரத்த ரிப்போர்ட் படிக்கும்போது வரும் தவறுகள்

பி.பி. 160/110 என்றால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போயாக வேண்டும் என்பது பிரசவ வார்டுக்கு வரும் எந்த ஹவுஸ் சர்ஜனுக்கும் முதல் வாரத்திலேயே பழகிவிடும். சறுக்குவது, அந்த பி.பி. உறுப்புகளையும் தாக்கும் ப்ரீஎக்ளாம்ப்சியாவைக் காட்டிக்கொடுக்கும் ரத்த ரிப்போர்ட்டில்தான்.

தாளின் ஓரத்தை நம்புவது

கிரியேட்டினினுக்கு (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) நேரே 0.6–1.2 என்று லேப்காரர் அச்சடித்திருப்பார். அது கர்ப்பிணிக்கான அளவே இல்லை. கர்ப்பத்தில் சிறுநீரகம் வடிகட்டும் வேகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. அதனால் கிரியேட்டினின் 0.4–0.8க்கு இறங்கிவிடும். 0.5 இருந்தவருக்கு 1.0 வந்தால் தாளில் நட்சத்திரக் குறி விழாது. ஆனால் வேறு சிறுநீரக நோய் இல்லாதவருக்கு இப்படி இரட்டிப்பாவதே ப்ரீஎக்ளாம்ப்சியாவின் தீவிர நிலைதான், 1.1-ஐத் தாண்டக் காத்திருக்க வேண்டியதில்லை.

பிளேட்லெட்டிலும் இதே கூத்து. திங்கள் 2.6 லட்சம், புதன் 2.1, வெள்ளி 1.6. மூன்று நாளும் மூன்று பேர் பார்த்து மூன்று முறை 'நார்மல்' என்று டிக் அடித்திருப்பார்கள். ஐந்து நாளில் ஒரு லட்சம் காணாமல் போனதை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள். 1 லட்சத்துக்குக் கீழே போன பிறகுதான் வார்டே ஓடும்.

ஹீமோகுளோபின் இன்னும் மோசம். 10.8 இருந்தது திடீரென 13 ஆனால் வீட்டாருக்கு ஒரே சந்தோஷம். இரும்புச்சத்து மாத்திரை ஒரு வாரத்தில் அவ்வளவு ஏற்றாது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்தம் கெட்டிப்பட்டிருக்கிறது.

கேஸ் ஷீட்டின் முகப்பில் ஒரே தாள் போதும்: தேதி, நேரம், கர்ப்ப வாரம், பி.பி., ஹீமோகுளோபின், பிளேட்லெட், கிரியேட்டினின், எஸ்.ஜி.ஓ.டி. (கல்லீரல் நொதி), எல்.டி.ஹெச். (அணுக்கள் உடைந்தால் ஏறும் நொதி). முதல் வரிசையில் ஆரம்ப மாதங்களின் எண்கள். அந்த ரிப்போர்ட் பெரும்பாலும் அவர் கொண்டுவந்த பையிலேயே கிடக்கும். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

மாதிரியைக் கெடுத்துவிட்டு நோயைத் தேடுவது

மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வெடுக்கென்று இழுத்தால் சிவப்பணு உடையும். எல்.டி.ஹெச்., எஸ்.ஜி.ஓ.டி., பொட்டாசியம் மூன்றும் பொய்யாக ஏறும், எல்.டி.ஹெச். 600-ஐத் தாண்டினால் ஹெல்ப் நோய் (சிவப்பணு உடைந்து, கல்லீரல் கெட்டு, பிளேட்லெட் குறையும் நிலை) போலவே தெரியும். சீரம் சிவந்திருந்ததா என்று லேபில் கேளுங்கள், உடைந்த அணுக்கள் தெரிகின்றனவா என்று ஸ்மியர் (கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தை மைக்ரோஸ்கோப்பில்) பாருங்கள், புதிதாக ரத்தம் எடுங்கள். ஊதா மூடிக் குழாயில் பிளேட்லெட் ஒட்டித் திரண்டு எண்ணிக்கை குறைந்து காட்டுவதும் உண்டு. அதுவும் ஸ்மியரில் தெரிந்துவிடும். மறுமுடிவு வரும்வரை பி.பி. மருந்தையும் வலிப்பைத் தடுக்கும் மக்னீசியத்தையும் நிறுத்திவைக்கக் கூடாது.

மேல்வயிற்று வலிக்கு கேஸ் மாத்திரை

இந்த வலி கல்லீரலிலிருந்தும் வரலாம். முதலில் பிளேட்லெட்டும் எஸ்.ஜி.ஓ.டி.யும் பாருங்கள், மாத்திரை பிறகு.

யூரிக் ஆசிட்

இந்த நோயில் அது ஏறும்தான். ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்துப் பிரசவத்தைத் தூண்டாதீர்கள்.

சிறுநீரில் புரதம் இல்லை என்று நிம்மதியாவது

பி.பி.யோடு பிளேட்லெட்டோ கல்லீரலோ கெட்டிருந்தால், புரதம் இல்லாமலேயே ப்ரீஎக்ளாம்ப்சியாதான்.

குழந்தை பிறந்ததும் சோதனையை நிறுத்துவது

பிளேட்லெட் அடிமட்டத்தைத் தொடுவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிந்தைய 24–48 மணி நேரத்தில். நஞ்சுக்கொடி வந்ததும் தாளை மூடிவிட்டால் அந்த எண் யார் கண்ணிலும் படாது. ஹெல்ப் நோய் உள்ளவருக்கு 6 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை எடுங்கள். இறக்கம் நின்று ஏறத் தொடங்கும்வரை.