ஒரு இ-பாஸ், ஒரு பக்கக் குறிப்பு

குன்னூர், ஊட்டிப் பக்கம் சிவில் சர்வீஸ் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. நடப்பு நிகழ்வுகளை மாத இதழிலிருந்து அப்படியே மனப்பாடம் செய்யாதீர்கள். நம்ம மலைச் செய்தி ஒன்றை எடுத்து நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: நிர்வாகம், பொருளாதாரம், சுற்றுச்சூழல்.

கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தி இ-பாஸ் (மலைக்கு வர இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு) பார்க்கிறார்களே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வந்த ஏற்பாடு இது. நிர்வாகக் கட்டத்தில் உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரம் (அரசுக்கு ஆணையிடும் அதிகாரம்), அதாவது அரசியலமைப்பின் பிரிவு 226 வந்துவிடும். பொருளாதாரத்துக்கு வர்க்கி விற்கும் பேக்கரிக்காரரிடமும் டாக்சி அண்ணனிடமும் பேசிப் பாருங்கள். முதன்மைத் தேர்வு விடைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

சுற்றுச்சூழல் கட்டத்துக்குப் பாதிப் பக்கம் விடுங்கள். மலையின் தாங்குதிறன், 1986-இல் நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகமான நீலகிரி, அரசு சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும் என்று 1976-இல் 42-ஆவது திருத்தம் சேர்த்த பிரிவு 48ஏ எல்லாம் அங்கேதான் வரும்.

அப்புறம், ஒரு நாளைக்கு எத்தனை வண்டி என்ற வரம்பு எண்களை மட்டும் பென்சிலில் எழுதுங்கள். 2025 ஏப்ரலில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வந்தது. மாறினால் அழித்து எழுதிக்கொள்ளலாம்.