குளிசையை உடைக்காமல் அதன் உறுதியை அளப்பது எப்படி?

ஆஸ்பத்திரியில் கடதாசி உறையில் போட்டுத் தரும் குளிசைகள், ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கத்து வீடுகளில் ஆவணி வெக்கையையும் கார்த்திகை ஈரத்தையும் தகரக் கூரையின் கீழேயே தாங்குகின்றன. அந்த ஈரம் குளிசையை என்ன செய்கிறது என்று அறிய, அதே குளிசையை மாரிக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். வழமையான கடினத்தன்மைக் கருவி அதை நெரித்து உடைத்துவிடும். காதுக்குக் கேட்காத உயர் மீடிறன் ஒலியான கழியொலியைக் குளிசைக்கூடாக அனுப்பி, அது கடக்கும் நேரத்தை அளக்கும் முறையில் குளிசை முழுதாகவே மிஞ்சும். உயர்தரப் பௌதிகவியல் படிப்பவர்கள் இதைத் தாராளமாகச் செய்யலாம்.

படி 1: பூச்சும் நடுக்கோடும் இல்லாத, தட்டையான குளிசையைத் தெரிவுசெய்யுங்கள். அதைத் தராசில் நிறுத்து, திருகுக்கணிச்சியால் விட்டமும் தடிப்பும் அளந்து, அடர்த்தியைக் கணியுங்கள். எடுத்துக்காட்டாக, 550 மில்லிகிராம் திணிவு, 12 மில்லிமீற்றர் விட்டம், 4 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் அடர்த்தி கன மீற்றருக்கு ஏறத்தாழ 1216 கிலோகிராம்.

படி 2: ஒலியை அனுப்பும் உணரிக்கும் வாங்கும் உணரிக்கும் நடுவே குளிசையை வையுங்கள். ஸ்கான் எடுக்கும்போது பூசும் ஜெல் இங்கே கூடவே கூடாது. அது குளிசையின் நுண்துளைகளுக்குள் ஊறி அளவையே கெடுத்துவிடும். இரு பக்கமும் மெல்லிய சிலிக்கன் இறப்பர்த் தாள் வைத்து, ஒவ்வொரு முறையும் ஒரே நிறையால் அழுத்துங்கள். அழுத்தம் மாறினால் நேரமும் மாறும். தொடக்கத்தில் பலர் தடுமாறும் இடம் இது.

படி 3: குளிசை இல்லாமல், தாள்களை மட்டும் வைத்து, சைகையைத் திரையில் அலையாகக் காட்டும் அலைவுகாட்டியில் ஒலி கடக்கும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு குளிசையுடன் குறித்துக் கழியுங்கள். வித்தியாசம் 2.5 மைக்ரோ செக்கன் என்றால், தடிப்பை அதனால் வகுக்க வரும் வேகம் செக்கனுக்கு 1600 மீற்றர். வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கினால் 3.1 கிகாபாஸ்கல் வரும். இது நெட்டலை மட்டு, அதாவது குளிசையின் விறைப்பைக் காட்டும் ஓர் அளவு. யங்கின் மட்டு இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க இதுவே போதும்.

படி 4: குளிசையை இலக்கமிட்ட உறையில் வைத்து, தை மாதத்தில் மறுபடி அளவிடுங்கள். ஈரம் உறிஞ்சிய குளிசை பெரும்பாலும் சற்று உப்பும், துகள்களுக்கு இடையிலான பிணைப்பும் தளரும். அப்போது வேகம் குறையும். சைகை திடீரென அடியோடு மங்கினால் குளிசை உள்ளே படை படையாகப் பிரிந்திருக்கக்கூடும். மயிரிழை அளவு காற்றிடைவெளிகூடக் கழியொலியை ஏறக்குறைய முழுவதும் தெறிக்கச் செய்துவிடும். வெளியே பார்த்தால் அந்தக் குளிசையில் ஒரு கீறலும் தெரியாது. இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

மட்டு வேறு, உடையும் விசை வேறு. இரண்டையும் தொடர்புபடுத்த, அதே தொகுதியில் சில குளிசைகளை முதலில் இப்படி அளந்து, பிறகு கடினத்தன்மைக் கருவியில் உடைத்து வரைபு கீறுங்கள். அளந்த குளிசை எதையும் யாருக்கும் விழுங்கக் கொடுக்க வேண்டாம்.