சம்பளம் விழுந்த அன்னிக்கு விசுவாசிங்க வீட்டுல செய்ய வேண்டியது

காசு வச்சிருக்கறது பாவம் இல்ல. ஆபிரகாம் பெரிய சொத்துக்காரர், பவுலுக்கு வீட்ட திறந்துவிட்ட லீதியாள் ரத்தாம்பரம்ங்கற விலை உயர்ந்த துணி வித்தவங்க. ஆனா தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஒன்னா ஊழியம் செய்ய முடியாதுன்னு இயேசு சொன்னது (மத்தேயு 6:24) சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயா மாதிரி தோட்டத்து டவுன்ல இருக்கற நமக்கும்தான், தோட்டத்து லயத்து வீட்ட விட்டு தாமான் குடியிருப்புக்கு வந்து காடியும் (காரும்) வாங்கின பிறகும் மனசு பத்தல பத்தலன்னு அடிச்சுக்குதுன்னா நம்ம எஜமான் யாருன்னு பார்த்தே ஆகணும்.

சம்பளம் விழுந்த ராத்திரி பிள்ளைங்களோட ஒன்னா உட்காருங்க. நீதிமொழிகள் 30:8, 9 வாசிங்க. தரித்திரமும் வேணாம், ஐசுவரியமும் வேணாம், என் படிய அளந்து கொடுங்கன்னு ஆகூர் கேக்கறாரு, ஏன்னா நிறைஞ்சா கர்த்தர் யாருன்னு கேட்டுடுவேன், இல்லாம போனா திருடிடுவேன்னு பயப்படறாரு. எனக்கு ரொம்ப பிடிச்ச ஜெபம் இது, பிள்ளைங்களுக்கு மனப்பாடமாவே சொல்லிக்கொடுங்க. அப்புறம் ஹேண்ட்போன்ல போன மாச கணக்க திறந்து எல்லாரும் பாருங்க, லாட்டரி நம்பர் எடுத்த காசு இருந்தா அதையும் மறைக்காதீங்க. பொக்கிஷம் எங்கயோ இருதயமும் அங்கதான்னு (மத்தேயு 6:21) அதுலயே தெரிஞ்சிடும்.

காணிக்கைய மிச்சத்துல பார்க்காம முதல்லயே கவர்ல போட்டு வைங்க, கொரிந்து சபைக்கு பவுல் சொன்னதும் அதான், அவனவன் வரவுக்கு ஏத்த மாதிரி எடுத்து வைக்கணும் (1 கொரிந்தியர் 16:2). ஆனா வட்டி முதலை ஆலோங்கிட்ட கடன் வாங்கி கொடுக்கவே கொடுக்காதீங்க, இருக்கறதுக்கு தக்க கொடுத்தா போதும், இல்லாதத தேவன் கேக்கல (2 கொரிந்தியர் 8:12). விதை காணிக்கை போடு நூறு மடங்கு வரும்னு யாராச்சும் சொன்னா மாற்கு 10:30 முழுசா வாசிக்க சொல்லுங்க, துன்பங்களோடன்னும் அதே வசனத்துல இருக்கு. ஏழை விதவை ரெண்டு காசு போட்ட கதைய சொல்லி, காலமெல்லாம் பால்மரம் வெட்டி ஓய்ஞ்சு போன பாட்டிங்க கையில இருக்கறதையும் வாங்கறாங்களே, அந்த கதைக்கு முந்தின வசனத்துலதான் (மாற்கு 12:40) விதவைங்க வீட்ட பட்சிக்கறவங்கள ஆண்டவர் கண்டிக்கறாரு, அத விட்டுட்டு வாசிச்சா மனசு வலிக்குது. உபாகமம் 14:28, 29ல மூனாவது வருஷ தசமபாகத்துல ஆலய ஊழியம் பார்த்த லேவியனோட பரதேசிக்கும் திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் பங்கு இருக்கு, அந்த பாட்டி வாங்க வேண்டியவங்க.

ஓய்வுக்கால சேமிப்பான இபிஎஃப் காச 55 வயசுல எடுத்ததும் சீக்கிரம் டபுள் ஆகும்ங்கற திட்டத்துல போட்டுடாதீங்க. நமக்கு பிறகு அந்த காசு யாருக்குன்னு பேர் கொடுக்கற பெனாமா இன்னிக்கே போட்டு வைங்க, லூக்கா 12ல மூட ஐசுவரியவான் கதைய இயேசு சொன்னதே ஒருத்தன் அண்ணன் தம்பி சொத்து சண்டைய கொண்டு வந்ததாலதான்.

சரி, ஆவிக்குரிய ஐசுவரியத்த எப்படி சேர்க்கறது? வெளிப்படுத்தல்ல சிமிர்னா சபையோட தரித்திரத்த தெரியும், ஆனாலும் நீ ஐசுவரியமுள்ளவன்னு ஆண்டவர் சொல்றாரு, லவோதிக்கேயாவ பார்த்து நீ நிர்ப்பாக்கியன்னு சொல்றாரு. லவோதிக்கேயா கி.பி. 60ல நிலநடுக்கத்துல விழுந்தும் ரோம் உதவி இல்லாம சொந்த காசுலயே எழும்பின ஊரு, யார் தயவும் வேணாம்ங்கற அந்த நினைப்புதான் சபைக்குள்ளயும் வந்திடுச்சு. நற்கிரியைகளில் ஐசுவரியவான்களா இருக்கணும்னு பவுல் சொல்றாரு (1 தீமோத்தேயு 6:18), அதனால காடி இருந்தா பக்கத்து வீட்டு அக்காவ டயாலிசிஸுக்கு கூட்டிட்டு போங்க, படிப்பு இருந்தா ஒரு பிள்ளைக்கு கணக்கு சொல்லிக்கொடுங்க, ஜெபத்துக்கு அரை மணி நேரம் ஹேண்ட்போன தள்ளி வைங்க.

செம்பனை வெட்ட ஆள் வச்சிருக்கற கான்ட்ராக்டர் அண்ணன்மாருக்கு தனியா சொல்றேன். இந்தோனேசியா, பங்களாதேஷ் ஆளுங்க கூலிய அடுத்த மாசம்னு இழுக்காதீங்க. அறுத்தவங்களோட கூலிய பிடிச்சு வச்சா அது கூக்குரலிடுதுன்னு யாக்கோபு 5:4ல இருக்கு, பொழுது போகறதுக்கு முன்ன கொடுக்கணும்னு உபாகமம் 24:15ல இருக்கு. பாக்கி இருந்தா காணிக்கை கவர் போடறதுக்கு முன்னாடி அத கொடுத்துட்டு வாங்க.