விமானப் படையில் உயர் பதவி: ஆரம்பத்திலேயே சறுக்கும் இடங்கள்

"ஏர் மார்ஷல் ஆக வேண்டும்" என்று சொல்லும் பிள்ளைகளிடம் முதலில் கேட்க வேண்டியது, "எந்த வழியாக உள்ளே போகப் போகிறாய்?" என்பதுதான். இந்திய விமானப் படையில் ஏர் மார்ஷல் என்பது தளபதிக்கு அடுத்த நிலைப் பதவி. அப்படிப்பட்ட உயர் பதவிக்கான பாதை நாற்பது வயதில் தொடங்குவதில்லை. பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கணிதமும் இயற்பியலும் இல்லாத குரூப்பில் சேர்ந்தால், பிளஸ் டூ முடித்ததும் சேரும் தேசியப் பாதுகாப்பு அகாடமி (என்டிஏ) வழியாக விமானப் படைக்குப் போகும் கதவு அன்றைக்கே மூடிவிடும். பல பெற்றோருக்கு இது தெரிவதே இல்லை.

அடுத்த தவறு, எல்லா வழியும் ஒன்றுதான் என்று நினைப்பது. பட்டதாரிகளுக்கான விமானப் படையின் பொதுச் சேர்க்கைத் தேர்வை (ஏஎஃப்கேட்) எழுதி விமானியாகச் சேர்ந்தால் கிடைப்பது 14 ஆண்டுக் குறுகிய காலப் பணி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: பணியில் 2 ஆண்டு முடித்தால் ஃப்ளைட் லெப்டினன்ட், 6 ஆண்டில் ஸ்க்வாட்ரன் லீடர், 13 ஆண்டில் விங் கமாண்டர். அந்தப் பட்டை தோளில் ஏறிய கையோடு வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான். அது நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் மேலே மேலே போக வேண்டும் என்ற ஆசை இருந்தால் நிரந்தரப் பணி தரும் என்டிஏ, பட்டதாரிகளுக்கான முப்படைத் தேர்வான சிடிஎஸ் போன்ற வழிகளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2022 முதல் பெண்களும் என்டிஏவில் சேர்கிறார்கள். வயதும் முக்கியம். ஏர் மார்ஷல்கள் 60 வயதில் ஓய்வு பெறுகிறார்கள். சீக்கிரம் சேர்பவருக்கு ஏறுவதற்கு அதிக ஆண்டுகள் கிடைக்கும்.

விமானிக்கான கணினித் தேர்வைச் 'சும்மா எழுதிப் பார்க்கலாம்' என்று போவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. கையில் ஸ்டிக், காலடியில் பெடல்கள். திரையில் நழுவிக்கொண்டே இருக்கும் புள்ளியை நடுவில் பிடித்து வைக்க வேண்டும். இதில் ஒருமுறை தோற்றால், வாழ்நாள் முழுக்க விமானிப் பிரிவுக்கு மறுவாய்ப்பு கிடையாது. தூக்கம் கெட்டு, காய்ச்சலோடு போய் உட்காராதீர்கள்.

சரி, உள்ளே போயாயிற்று. அப்புறம் வருவது, காலம் தானாகத் தூக்கிவிடும் என்ற நம்பிக்கை. விங் கமாண்டர் வரைக்கும்தான் அது உண்மை. அதற்கு மேல் தேர்வுக் குழு உட்கார்ந்து, வருடா வருடம் எழுதப்பட்ட பணி மதிப்பீட்டு அறிக்கைகளைப் புரட்டும். 26 ஆண்டு முடித்தால் விங் கமாண்டருக்கு அடுத்த குரூப் கேப்டன் பதவி பணிக்கால அடிப்படையில் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அதற்கும் மேலுள்ள ஏர் கமடோர் பதவியை நோக்கி நடப்பவர்கள் அதற்கு வெகு முன்பே குரூப் கேப்டனாகத் தேர்வாகிவிடுகிறார்கள்.

அந்தப் போட்டியில் எடை கூட்டுவது நீலகிரியின் வெலிங்டனில் இருக்கும் பாதுகாப்புப் பணிகள் பயிற்சிக் கல்லூரி. படிப்பை முடிப்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. பட்டமும் உண்டு. "எனக்குப் பறப்பது போதும், படிப்பு அடுத்த வருடம்" என்று நுழைவுத் தேர்வைத் தள்ளிப்போடுபவர்களுக்கு அந்த வயது திரும்ப வராது. மருத்துவரான பத்மா பந்தோபாத்யாய் 1978லேயே வெலிங்டன் படிப்பை முடித்தவர். பின்னாளில் இந்திய விமானப் படையின் முதல் பெண் ஏர் மார்ஷல் ஆனார். விமானி அல்லாதவர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கும் அவரே சாட்சி. தளபதி பதவி மட்டும் இதுவரை விமானிகளுக்கே போயிருக்கிறது. அதிலும் போர் விமானிகள்தான் என்று முடிவு கட்ட வேண்டாம்: 2007ல் தளபதியான ஃபாலி ஹோமி மேஜர் ஹெலிகாப்டர் விமானி.

உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதுகுவலி, காது அடைப்பு என்று எதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மருத்துவத் தகுதி குறைந்தால் பதவி உயர்வு பாதிக்கும் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். ஆரம்பத்திலேயே சொன்னால் கொஞ்ச காலம் தரையில் இருந்து, குணமாகி, மீண்டும் பறக்க வழி உண்டு. முற்றிய பிறகு தெரிந்தால் காக்பிட் கைவிட்டுப் போகலாம். பின்னால் உட்கார்ந்திருப்பவரின் உயிரும் அதில் இருக்கிறது.