நடத்தைப் பகுப்பாய்வாளர் வேலையில் சேருமுன் பார்க்க வேண்டியவை

மனித நடத்தையை ஆராய்ந்து மாற்ற உதவுவதும், ஆட்டிசமுள்ள குழந்தைகளின் சிகிச்சையில் பெரிதும் பயன்படுவதுமான, ஏபிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வுத் துறையில் இன்று அமெரிக்காவில் வேலைக்குப் பஞ்சமில்லை. 2019க்குள் அங்குள்ள 50 மாநிலங்களும் ஆட்டிசச் சிகிச்சைக்குக் காப்பீட்டு வசதியைக் கட்டாயமாக்கின. பின்னாலேயே முதலீட்டு நிறுவனங்கள் வந்து சிகிச்சை மையங்களை வாங்கிக் குவித்தன. இத்துறைப் பகுப்பாய்வாளருக்கான பிசிபிஏ சான்றிதழ் பெற்றவர், கிடைக்கிற வேலையில் மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் நீடிக்க முடியுமா என்பதைச் சேருமுன்னரே ஆராய்வது நல்லது.

நேர்காணலில் சம்பளத்தைப் பேசுவதற்கு முன், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பில் போட வேண்டும், அந்த இலக்கை எட்டாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். ஊக்கத்தொகை அந்த எண்ணிக்கையோடு பிணைக்கப்பட்டிருந்தால், மூன்று வயதுக் குழந்தைக்கு வாரம் 15 மணி நேரம் போதும் என்று உங்கள் மதிப்பீடு காட்டினாலும் 30 என்று எழுதச் சொல்லும் நெருக்கடி, யாரும் வாய் திறந்து சொல்லாமலே வந்து சேரும்.

அடுத்து, ஒருவர் பொறுப்பில் எத்தனை குழந்தைகள் என்று கேளுங்கள். பயிற்சியாளர்கள் தரும் நேரடிச் சிகிச்சை 10 மணி நேரத்துக்குப் பகுப்பாய்வாளரின் 2 மணி நேர மேற்பார்வை என்பது துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. தலா 25 மணி நேரம் சிகிச்சை பெறும் 20 குழந்தைகளை ஒருவரிடம் ஒப்படைத்தால் மேற்பார்வைக்கு மட்டும் வாரம் 100 மணி நேரம் வேண்டும். அத்தனை வேலை நேரம் எந்த வாரத்திலும் இல்லை. எனவே மேற்பார்வை காகிதத்தில்தான் நடக்கும், பழி மட்டும் கையெழுத்திட்டவர் மேல் விழும்.

முடிந்தால், பெற்றோரின் அனுமதியோடு ஓர் அமர்வை நேரில் பாருங்கள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு படஅட்டையைத் தள்ளிவிடும்போது பயிற்சியாளர் சற்று நிறுத்தி வேறு வழி தேடுகிறாரா, கையைப் பிடித்து அட்டையைத் தொடவைக்கிறாரா என்பதில் அந்த மையத்தின் இயல்பு தெரிந்துவிடும். பிசிபிஏ சான்றிதழை வழங்கும் பிஏசிபி அமைப்பின், 2022 முதல் நடைமுறையில் உள்ள நெறிமுறை, இயன்ற இடங்களில் குழந்தையின் இசைவையும் பெறச் சொல்கிறது. தண்டனையையும் வலியையும் கருவியாகக் கொண்ட காலம் இத்துறைக்கு உண்டு; மின்னதிர்ச்சி கொடுப்பதைத் துறையின் சர்வதேசச் சங்கமான ஏபிஏஐ வெளிப்படையாக எதிர்த்ததே 2022இல்தான். ஆட்டிசமுள்ள பெரியவர்கள் வைக்கும் விமர்சனங்களைக் கேட்டதும் சிரித்து ஒதுக்கும் மேலாளரிடம் வேலைக்குச் சேர வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சான்றிதழுக்கான 2,000 மணி நேரக் களப்பயிற்சியில் இருப்பவர்கள் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், தவறான நடைமுறையைக் கண்டும் வாய்மூடி இருக்கும் நிலை ஏற்படலாம்.

ஆட்டிச மையங்களுக்கு வெளியேயும் வழிகள் உண்டு. பேயர், வுல்ஃப், ரிஸ்லி மூவரும் 1968இல் இத்துறையின் அடிப்படைகளை வகுத்தபோது அதை ஒரே நோய்க்குள் அடைக்கவில்லை. தொழிற்சாலைப் பாதுகாப்பு, நிறுவனச் செயல்திறன், பள்ளிகள், மறதிநோய்ப் பராமரிப்பு எனப் பல இடங்களில் இதற்குப் பயனுண்டு. ஆனால் அங்கெல்லாம் வேலை விளம்பரத்தில் 'நடத்தைப் பகுப்பாய்வாளர்' என்ற பெயர் அபூர்வம்; பாதுகாப்பு, பணியாளர் பயிற்சி போன்ற தலைப்புகளில் தேட வேண்டும். புதிய பிரிவுக்குப் போகுமுன் அதில் அனுபவமுள்ளவரிடம் மேற்பார்வை பெறுவதும் அவசியம்.

இந்தியாவில் இருந்துகொண்டு திட்டமிடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2023 முதல் பிஏசிபி இங்கிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. ஐபிஏஓ போன்ற பிற சர்வதேசச் சான்றிதழ்கள் இருந்தாலும், மாற்றுத்திறனாளிகளுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் தரும் தொழில்முறையாளர்களைப் பதிவு செய்யும், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவுக்கு அவை ஈடாகா. ஆகவே சிறப்புக் கல்வி அல்லது மருத்துவ உளவியலில் கவுன்சில் அங்கீகரித்த படிப்பொன்றை முதலில் முடித்துப் பதிவு செய்துகொண்டு, ஏபிஏ பயிற்சியை அதன்மேல் சேர்ப்பதே பாதுகாப்பான வரிசை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் நிறுவனத்தில் என்னென்ன படிப்புகள் உள்ளன என்று விசாரிப்பதிலிருந்து தொடங்கலாம்.