கிரியாட்டினின் சென்சார் செய்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கிரியாட்டின், கிரியாட்டினின். முன்னது தசைக்குச் சக்தி தர உதவும் பொருள், பின்னது அதிலிருந்து உண்டாகி சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. எழுத்தில் ஒரே ஒரு 'னி'தான் வித்தியாசம். நொதி வைத்துச் செய்யும் மின்வேதி சென்சாருக்கு அந்த வித்தியாசமும் தெரியாது. நான் பார்த்த பெரிய தவறுகளில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

மூன்று நொதிகள் வரிசையாக வேலை செய்கின்றன. கிரியாட்டினினேஸ், கிரியாட்டினினை கிரியாட்டினாக மாற்றும். கிரியாட்டினேஸ் அதை சார்கோசினாகவும் யூரியாவாகவும் உடைக்கும். சார்கோசின் ஆக்சிடேஸ், ஆக்சிஜனைச் செலவழித்து ஹைட்ரஜன் பெராக்சைடைத் தரும். எலக்ட்ரோடு (மின்முனை) அளப்பது அந்தப் பெராக்சைடை மட்டும்தான்.

ரத்தத்தில் கிரியாட்டின் ஏற்கெனவே இருக்கிறது. அதன் அளவும் பொருட்படுத்தாமல் விடக்கூடியதல்ல. நடுவழியில் பஸ் ஏறியவரைப் போல அது இரண்டாம் படியில் நுழைந்து, அதே பெராக்சைடாக வெளியே வரும். ஜிம்முக்குப் போய் கிரியாட்டின் பவுடர் குடிப்பவரின் ரத்தம் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் மூன்று நொதியும் உள்ள எலக்ட்ரோடு ஒன்று, கிரியாட்டினினேஸ் மட்டும் இல்லாதது ஒன்று என இரண்டு வேண்டும். முதலாவதன் அளவிலிருந்து இரண்டாவதன் அளவைக் கழித்தால்தான் கிரியாட்டினின் கிடைக்கும். பஃபரில் (pH மாறாமல் காக்கும் கரைசலில்) கிரியாட்டினினை மட்டும் கரைத்து, அழகான நேர்கோடு வரைந்து, சென்சார் தயார் என்று எழுதிவிடாதீர்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அந்த எண்ணைப் பார்த்துத்தான் மருந்தின் அளவை முடிவு செய்கிறார்கள்.

அடுத்தது வோல்டேஜ். பிளாட்டினத்தில் பெராக்சைடை 0.6 முதல் 0.7 வோல்ட் வரை வைத்து அளப்பது வழக்கம். அங்கே யூரிக் அமிலம், வைட்டமின் சி, பாராசிட்டமால் எல்லாமே மின்னோட்டம் தரும். டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கிரியாட்டினின் என்பது 88.4 மைக்ரோமோலார். யூரிக் அமிலமோ சாதாரணமாகவே 200 முதல் 400 மைக்ரோமோலார் வரை இருக்கும். எதிர்மின் அயனிகளைத் தடுக்கும் நாஃபியான் போன்ற சவ்வு இல்லாமல் சீரத்தை (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த திரவத்தை) தொடவே கூடாது. பிரஷ்யன் புளூ என்ற நீல நிறமியைப் பூசினால் 0 வோல்ட் அருகிலேயே அளக்கலாம், ஆனால் pH கொஞ்சம் காரப் பக்கம் போனாலே அந்தப் பூச்சு கரையத் தொடங்கும். சார்கோசின் ஆக்சிடேஸுக்கோ அந்தக் காரப் பக்கம்தான் பிடிக்கும்.

ஒரு மாணவரின் சென்சார் மூன்று வாரமாகக் கிரியாட்டினினுக்கு அசையவே இல்லை. ஒவ்வொரு நாளும் கிரியாட்டினினேஸைக் கூட்டிக்கொண்டே போனார். ஒரு மாலை, கடைசிப் படியிலிருந்து திருப்பிப் பார்ப்போம் என்று சார்கோசின் ஒரு சொட்டு விட்டோம். கோடு சட்டென்று ஏறியது. அப்புறம் கிரியாட்டின் விட்டோம். அசைவே இல்லை. செத்திருந்தது நடு நொதி. பக்கத்தில் அச்சிட்ட வெள்ளி/வெள்ளி குளோரைடு ஒப்பீட்டு எலக்ட்ரோடிலிருந்து கசிந்த வெள்ளி அயனிகள் கிரியாட்டினேஸை முடக்கியிருந்தன. நடுவில் ஒரு தடுப்புச் சவ்வு போட்ட பிறகு சரியாயிற்று. சென்சார் ஊமையானால் முதலில் சார்கோசின், பிறகு கிரியாட்டின், கடைசியில் கிரியாட்டினின் என்ற வரிசையில் சோதியுங்கள். முதல் வினை இரு திசையிலும் ஓடக்கூடியது, அதனால் கிரியாட்டினேஸ் குறைந்தால் கிரியாட்டின் தேங்கித் திரும்பிப் போகும். நொதிகளை மில்லிகிராமில் அல்ல, யூனிட்டில் (நொதியின் செயல்திறன் அளவில்) எண்ணிக் கலக்க வேண்டும்.

ரத்தம் உறையாமலிருக்க இ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் சேர்த்த குழாயில் எடுத்த ரத்தத்தைத் தவிர்த்துவிடுங்கள். கிரியாட்டினினேஸ் உலோக அயனியை நம்பி வேலை செய்வது, இ.டி.டி.ஏ. அதைப் பிடுங்கக்கூடும்.

சிறுநீரை அப்படியே ஊற்றுவது இன்னொரு தவறு. அதில் கிரியாட்டினின் பல மில்லிமோலார் இருக்கும். காற்றோடு கலந்த நீரில் ஆக்சிஜன் சுமார் 0.25 மில்லிமோலார்தான். ஒரு கிரியாட்டினினுக்கு ஒரு ஆக்சிஜன் வேண்டும் என்பதால், பாதியில் ஆக்சிஜன் தீர்ந்து சிக்னல் தட்டையாகிவிடும். 50 அல்லது 100 மடங்கு நீர்க்க வைத்துவிட்டு அளந்தால் இந்தத் தொல்லை இல்லை.

போன மாதம் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்த கிரியாட்டினின் கரைசலையும் நம்ப வேண்டாம். தண்ணீரில் அது தானாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கிரியாட்டினாக மாறும். காலையில் புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிட வேலைதான்.