ஆதி சீக்கியத்தை நம் ஊர்ச் சமயங்களோடு ஒப்பிட்டு எழுதுவது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற டவுனில் சமயங்களை ஒப்பிட வேண்டியதெல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். மாரியம்மன் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், சீக்கியர்களின் குருத்துவாரா எல்லாமே எட்டிப் போகிற தூரம்தான். ஆனாலும் சமய வகுப்பிலோ கோயில் இளைஞர் மன்றத்திலோ இந்தத் தலைப்பைக் கொடுத்தால் பெரும்பாலும் வருகிற பதில் ஒன்றுதான்: "இந்து சமயமும் இஸ்லாமும் கலந்தது சீக்கியம்." இது தவறு. ஏன் தவறு என்பதை ஆதாரத்தோடு காட்டுவதுதான் நல்ல ஒப்பீட்டுக்கு அடையாளம்.

முதலில் காலத்தை வரையறுங்கள்

ஒரு மணிலா அட்டையில் நீளக் கோடு போட்டு நான்கு ஆண்டுகளைக் குறியுங்கள். 1469, குரு நானக் பிறப்பு. 1604, ஐந்தாம் குரு அர்ஜன் சீக்கியர்களின் புனித நூலான ஆதி கிரந்தத்தைத் தொகுத்தது. 1699, பத்தாம் குரு கோவிந்த் சிங் ஆனந்தபூரில் கால்சாவை, அதாவது தீட்சை பெற்ற சீக்கியர் சமூகத்தை, அமைத்தது. 1708, அவர் மறைந்து, மனிதக் குருமார் வரிசை முடிந்து, கிரந்தமே குருவானது. நானக் மறைந்த 1539-ஐயும் கோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவருடைய பாடல்களை மட்டும் தனியே பார்க்கும்போது தேவைப்படும்.

இனி எழுதப்போகும் ஒவ்வொரு செய்தியும் இந்தக் கோட்டில் எங்கே உட்காரும் என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். கேசம் (வெட்டாத முடி), கங்கா (சீப்பு), கடா (காப்பு), கச்சேரா (அரைக்கால் உள்ளாடை), கிர்பான் (குறுவாள்) என்ற ஐந்து அடையாளங்களும் கால்சாவோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. அவற்றை நானக் காலத்தில் கொண்டுபோய் வைப்பதுதான் மாணவர்கள் அதிகம் செய்யும் பிழை. இன்று குருத்துவாராக்கள் பின்பற்றும் நடத்தை விதித் தொகுப்பு 1945-இல் ஏற்கப்பட்டது. அதை ஆதி சீக்கியத்துக்குச் சான்றாகக் காட்டக்கூடாது.

நூலுக்கு நூல், நடப்புக்கு நடப்பு

"சீக்கிய நூல் சாதியை மறுக்கிறது, நம் கோயில் திருவிழாவிலோ முதல் மரியாதைக்குச் சண்டை" என்று எழுதினால் ஒரு பக்கம் நூலும் மறு பக்கம் நடப்பும் நிற்கின்றன. அது நியாயமில்லை. கிரந்தத்தை எடுத்தால் எதிரே திருமூலரின் "ஒன்றே குலமும் ஒருவனே தேவனும்" நிற்க வேண்டும். திருவிழா மரியாதையைப் பேசினால், சீக்கியக் குடும்பங்களில் பெண் எடுக்கும்போது சாதி பார்க்கும் வழக்கம் உண்டா என்பதையும் விசாரிக்க வேண்டும்.

நானக்கின் வாழ்க்கைக் கதைகளைச் சொல்லும் ஜனம்சாக்கிகள் அவர் மறைந்த பிறகு எழுதப்பட்டவை. அவர் கால் நீட்டிய பக்கமெல்லாம் மெக்கா திரும்பியது என்ற கதை அங்கிருந்துதான் வருகிறது. "ஜனம்சாக்கி சொல்கிறது" என்று எழுதினால் சரி, "நடந்தது" என்று எழுதினால் பிழை.

சமயங்களை வரிசைப்படுத்தாதீர்கள், கேள்விகளை வரிசைப்படுத்துங்கள்

சமயத்துக்கு ஒரு பத்தி என்று எழுதினால் எதுவும் எதையும் தொடாது. ஐந்து கேள்விகள் போதும்: இறைவன் எப்படிப்பட்டவன், பிறவி உண்டா, சடங்கால் என்ன பயன், எந்த நூல் வழிகாட்டுகிறது, சோறு யாரோடு உண்பது.

முதல் கேள்விக்கு, கிரந்தத்தின் தொடக்கமான மூல மந்திரத்தை எடுங்கள். ஒருவன், உண்மை என்னும் பெயரினன், படைப்பவன், அச்சமற்றவன், பகையற்றவன், காலம் கடந்த வடிவினன், பிறவாதவன், தானே ஆனவன், குருவருளால் அடையப்படுபவன். இதை ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து ஒப்பிடுங்கள். "பிறவாதவன்" என்பது சிவனைப் "பிறவா யாக்கைப் பெரியோன்" என்னும் சிலப்பதிகாரத்தோடு ஒத்துப்போகிறது; இஸ்லாத்தோடும் ஒத்துப்போகிறது. வைணவத்தின் அவதாரக் கொள்கையோடு ஒட்டாது. கிரந்தத்தில் ராம், ஹரி என்ற பெயர்கள் ஏராளமாக வரும். அவை உருவமற்ற ஒருவனுக்கான பெயர்கள், அவதாரங்களை வணங்குவதற்கான சான்றல்ல. இங்கே வழுக்கி விழுபவர்கள் பலர்.

பிறவிக்கு வந்தால் கோடு வேறு இடத்தில் விழுகிறது. வினையும் மறுபிறவியும் சீக்கியத்தில் உண்டு, இஸ்லாத்தில் இல்லை. கட்டுக்குக் காரணம் ஹௌமை, அதாவது "நான்" என்னும் முனைப்பு. சைவ சித்தாந்தத்தின் ஆணவ மலம் இதற்கு மிக நெருக்கமானது, இரண்டிலும் விடுதலை அருளால்தான். ஆனால் ஆணவத்தை உயிரோடு அநாதியாக ஒட்டிய ஒரு பொருளாகவே சித்தாந்தம் கணக்கிடுகிறது. சீக்கியம் அப்படித் தனிப் பொருளாக வைப்பதில்லை. ஒற்றுமையை எழுதியவுடன் அதே வாக்கியத்தின் வாலில் வேற்றுமையையும் எழுதிப் பழகுங்கள்.

சடங்கு பற்றிய கேள்வியில்தான் "கலவை" வாதம் உடைகிறது. இரண்டு பாடல்களை அருகருகே வையுங்கள். பூணூல் பற்றி நானக் பாடும்போது கருணையே பஞ்சாக, மனநிறைவே நூலாக, புலனடக்கமே முடிச்சாக இருக்கும் பூணூலைக் கேட்கிறார். ஐந்து வேளைத் தொழுகை பற்றிப் பாடும்போது முதலாவது உண்மை, இரண்டாவது நேர்வழியில் வந்த சம்பாத்தியம், மூன்றாவது இறைவன் பெயரால் கொடை, நான்காவது தூய எண்ணம், ஐந்தாவது இறைபுகழ் என்கிறார். இரண்டு சமயத்தாரிடமும் அவர் கேட்பது ஒரே கேள்வி: வெளியே செய்வது உள்ளே நடக்கிறதா? இங்கிருந்து பாதி, அங்கிருந்து பாதி என்று எடுத்துச் சேர்த்தவர் இப்படிக் கேட்கமாட்டார். வெளிச்சடங்குகளைச் சாடிய நம் சித்தர் சிவவாக்கியரை இந்த இடத்தில் சேர்த்தால் கட்டுரை இன்னும் கனமாகும். நானக் துறவை ஏற்காமல், இல்லறத்தில் இருந்து உழைத்துப் பகிர்ந்து உண்ணச் சொன்னதையும் குறிக்க மறவாதீர்கள்.

நூலைப் பொறுத்தவரை, தேவாரம் பண்முறையில் அடுக்கப்பட்டது போலக் கிரந்தமும் ராக வரிசையில் அமைந்தது. ராகங்கள் 31, இன்றைய அச்சில் 1430 பக்கங்கள். ஓதுவாருக்கு இணையாக அங்கே பாடல்களைப் பாடுபவர் ராகி. வேற்றுமை ஆசிரியர்களில் இருக்கிறது: நெசவாளர் கபீர், செருப்புத் தைக்கும் ரவிதாஸ், சூஃபியான ஷேக் ஃபரீத் ஆகியோரின் பாடல்களும் கிரந்தத்துக்குள் உண்டு. திருமுறையில் பல குலத்தார் இருந்தாலும் அனைவரும் சிவனடியார்களே.

குருத்துவாராவுக்குப் போகும்போது

ஐந்தாவது கேள்விக்கு விடை லங்கர், அதாவது குருத்துவாராவின் பொதுப் பந்தி. அதைப் படித்து எழுத முடியாது, உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் எழுத வேண்டும். நானக் தொடங்கிய இந்தப் பொது உணவை மூன்றாம் குரு அமர் தாஸ் (1552–1574) கட்டாயமாக்கினார்; பந்தியில் உட்கார்ந்த பிறகே அவரைக் காணலாம் என்பது மரபு.

நிர்வாகக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு ஞாயிறு காலை போங்கள். சீக்கியத் திருநாளான வைசாக்கி பெரும்பாலும் நம் சித்திரைப் புத்தாண்டு நாளிலேயே வரும். அன்று கூட்டம் நெரியும், கேள்வி கேட்க நேரம் இருக்காது. சிகரெட் பொட்டலம் பையில் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். காலணியைக் கழற்றி, கை கால் கழுவி, தலையைத் துணியால் மூடி உள்ளே போக வேண்டும். கிரந்தத்தின் பக்கம் கால் நீட்டக்கூடாது. கடா பிரசாதத்தை இரண்டு கைகளையும் குவித்து வாங்குங்கள். கோதுமை மாவு, சர்க்கரை, நெய் மூன்றும் சம அளவில் போட்டுக் கிண்டியது. வந்தவர் யாராக இருந்தாலும் அதே கையளவுதான். சீக்கியர் யாரையும், இங்கே சிலர் தவறாகச் சொல்வது போல, "பெங்காலி" என்று அழைக்காதீர்கள்.

சமையலறையில் ஒரு மணி நேரம் சப்பாத்தி தேய்க்க நில்லுங்கள். மாவு யார் கொடுத்தது, பாத்திரம் யார் கழுவுகிறார், யார் பரிமாறுகிறார் என்று கவனித்து எழுதுங்கள். அடுத்த திருவிழாவில் உங்கள் கோயில் அன்னதானத்திலும் இதே மூன்றையும் கவனியுங்கள். உபயக்காரர் பெயர் பலகையில் வருகிறதா, யாருக்கு முதல் இலை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் இரண்டு பக்கமும் நடப்பாக இருக்கும்.

இரவில் கிரந்தத்தைத் துணியில் பொதிந்து ஓய்வறைக்கு எடுத்துச் செல்வார்கள். உடனே நமக்குப் பள்ளியறைப் பூசை நினைவுக்கு வரும். ஒப்பிடலாம், ஆனால் "சிலை வழிபாடு மாதிரி" என்று எழுதிவிடாதீர்கள்; அங்கே மதிக்கப்படுவது குருவின் சொல்.

எழுதி முடித்ததும் சீக்கியப் பகுதியைக் கிரந்தம் கற்றறிந்த கியானியிடமும், சைவப் பகுதியைக் குருக்களிடமோ ஓதுவாரிடமோ, இஸ்லாமியப் பகுதியைச் சமய ஆசிரியரான உஸ்தாஸிடமும் படித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்துவது ஆண்டாகவோ பெயராகவோ இருந்தால் மாற்றிவிடுங்கள். விளக்கத்தில் கருத்து வேறுபட்டால் உங்கள் வரியை அழிக்க வேண்டாம். அவர் சொன்னதை அவர் சொன்னதாகவே கீழே சேர்த்துவிடுங்கள்.